ஏன் என்று கேட்காதீர்கள், நகல் கேளுங்கள்

ஐயா,

தினமும் விவாதங்கள் பார்க்கிறேன், நாளிதழ் படிக்கிறேன். ஆனால் வாக்களிக்கும்போது சின்னம்தான் தெரிகிறது. எங்கள் ஊர்ச் சாலை ஏன் இவ்வளவு சீக்கிரம் பெயர்ந்தது என்று ஆர்.டி.ஐ.யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) கேட்டேன். ‘இது தகவல் அல்ல’ என்று ஒரே வரியில் பதில். அரசியலை எங்கிருந்து கற்பது?

ச.

அன்புள்ள ச.,

அந்தச் சாலையிலிருந்தே. விவாதங்களில் யார் யாரைத் திட்டினார் என்பதைத் தாண்டி அதிகம் கிடைக்காது.

முதலில் அது யாருடைய சாலை என்று கண்டுபிடியுங்கள்: ஊராட்சியா, ஒன்றியமா, நெடுஞ்சாலைத் துறையா? ஊராட்சிச் சாலைக்கான கோபத்தைச் சட்டமன்றத் தேர்தலில் காட்டுகிறவர்கள் ஏராளம்.

உங்களுக்கு வந்த பதில் எரிச்சலூட்டும். ஆனால் 2005 சட்டப்படி தவறென்று சொல்ல முடியாது. கோப்பில் இருப்பதைத் தருவதுதான் அலுவலரின் கடமை, காரணம் சொல்வதல்ல. ஆகவே மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) பக்கங்கள், பட்டியல் (பில்) தொகை வழங்கிய ஆவணம் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். எம்-புக்கில் நீளம், அகலம், கனம் எல்லாம் இருக்கும். நீள அகலத்தை நீங்களே டேப் பிடித்து அளந்துவிடலாம். கனத்துக்கு, பணியைப் பார்வையிட்டுச் சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. இதைக் கேட்பவர்கள் குறைவு.

கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். முதல் மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்டால் மனு செத்துவிடலாம். மனு கொடுத்த அன்றே தேதிகளைக் குறித்து வையுங்கள்.

நகல்களோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். வாயால் சொன்னது காற்றோடு போகும். தீர்மானமாக எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.

சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் வந்தால் வேட்பாளரின் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத் தளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். அவர் முன்பும் போட்டியிட்டிருந்தால் பழைய பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சொத்து, கடன், நிலுவை வழக்கு, ஐந்தாண்டு வருமானம் எல்லாம் உண்டு. தனியாகப் படித்தால் வெறும் எண்கள். சேர்த்துப் படித்தால் கேள்விகள் எழும்.

இன்னொன்று: கையில் வாக்காளர் அட்டை இருந்தாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்கில்லை. இப்போதே பாருங்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6, வீடு மாறியிருந்தால் படிவம் 8.