வாளி இழுத்ததில் முறிந்த கை

கேள்வி: டொக்டர், என் அம்மாவுக்கு 66 வயது. ஆறு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்து, சத்திரசிகிச்சை, மருந்து எல்லாம் முடிந்து சுகமாகத்தான் இருந்தா. போன கிழமை கிணற்றில் வாளியை இழுக்கும்போது வலது மேற்கை ‘மடக்’ என்று முறிந்துவிட்டது. விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, நோய் என்புக்குள் பரவியதால் வந்த முறிவு, பெரிதாக வெட்டாமல் தோள் பக்கத்தால் கம்பி விடலாம் என்கிறார்கள். மாமாவோ, பரியாரியாரிடம் காட்டிப் புக்கை கட்டினால் பொருந்திவிடும், இந்த வயதில் வெட்டுக்கொத்து எதற்கு என்கிறார். இப்போது இடது கையும் நோகிறதாம். என்ன செய்வது?
வாசகி, சண்டிலிப்பாய்

பதில்: முதலில் மாமாவின் கதைக்கு வருவோம். பரியாரிமாரைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை, மாமரத்தால் விழுந்த பொடியன்களின் கை அவர்கள் கட்டிய கட்டில் பொருந்தியதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது நல்ல என்பு, அசையாமல் வைத்தாலே தானாக ஒட்டும். அம்மாவின் என்பு உள்ளே செல்லரித்த சிலாகை மாதிரி, வெளியே முழுதாகத் தெரியும், பாரம் ஏறினால் முறியும். புக்கை அதைப் பொருத்தாது. எண்ணெய் பூசி உருவுவதும் இழுத்துப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். மேற்கை என்பின் பின்பக்கத்தைச் சுற்றிக்கொண்டுதான் ரேடியல் நரம்பு போகிறது, முறிந்த முனையில் அது நசிந்தால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும்.

சரி, இந்தக் கம்பி என்ன? பெரும்பாலும் டைட்டேனியம், சின்னிவிரலை விட மெல்லியது. மயக்கம் கொடுத்து, தோளின் மேல் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கீறி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே என்பின் மச்சைக்குழிக்குள் மேலிருந்து கீழாக இறக்குவார்கள், அப்புறம் மேலும் கீழும் சின்னச் சின்னத் துளை போட்டு ஆணி பூட்டுவார்கள். முறிந்த இடத்தைத் திறப்பதே இல்லை. ஜேர்மனியில் குண்ட்ஷர் என்ற வைத்தியர் 1939இல் தொடையென்புக்குள் கம்பி இறக்கினாரே, அந்த யோசனைதான் கைக்கும் வந்தது. கம்பிக்குப் பதிலாக என்பின் மேல் தகடு வைத்துப் பூட்டுவதென்றால் நீளமாகத் திறக்கவேண்டும், அதன் ஆணிகளும் நல்ல என்பில்தான் பிடிக்கும். கம்பி என்பின் நீளத்துக்குக் கிடப்பதால், நாளைக்கு அதே என்பில் இன்னோர் இடம் அரித்தாலும் தாங்கும்.

மாமாவுக்கு விளங்கவேண்டியது இதுதான்: நல்ல என்பில் கம்பி வைப்பது, என்பு பொருந்தும்வரை பிடித்திருக்க. இங்கே என்பு பொருந்தாமலே போகலாம், ஆனாலும் அம்மா நோவில்லாமல் நித்திரை கொள்ளவும், தன் கையால் சோறு அள்ளிச் சாப்பிடவும், தலை வாரவும் வேண்டும். அதற்குத்தான் கம்பி. 66 ஒன்றும் வயதில்லை; தூக்குக் கட்டோடு மாதக்கணக்கில் மூலையில் இருப்பதுதான் அந்த உடம்புக்குக் கெடுதல். தோளில் கொஞ்ச நாள் நோ இருக்கும், கம்பி அங்குள்ள தசைநாரை ஊடறுத்துப் போவதால். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பி விடமுன் நீங்கள் கட்டாயம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. இது பழைய மார்பகப் புற்றுநோய்தான் என்று எப்படித் தெரியும்? நோய் பல என்புகளில் தெரிந்தால் சந்தேகம் குறைவு. இந்த ஓர் இடம் மட்டும்தான் என்றால், ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்த பிறகே கம்பி விடவேண்டும், ஏனென்றால் என்பிலேயே தொடங்கிய புற்றுநோயாக இருந்தால் கம்பி அதை என்பு முழுக்கப் பரப்பிவிடும். அம்மா முன்பு காட்டிய புற்றுநோய் ஆஸ்பத்திரி தெல்லிப்பழையோ மகரகமவோ, பழைய கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். இரத்தத்தில் கல்சியமும் பார்க்கச் சொல்லுங்கள். தாகம், மலச்சிக்கல், கதையில் ஒரு தடுமாற்றம் இருந்தால் அன்றைக்கே.

காயம் ஆறிய பின், ஏறக்குறைய இரண்டு கிழமையில், கதிர்ச்சிகிச்சை தொடங்கும். ஒரே நாளில் 8 கிரே (கதிரின் அளவு) கொடுப்பதும் உண்டு, பல நாளாகப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு. இதைத் தவறவிட்டால் உள்ளே அரிப்பு தொடர்ந்து கம்பியே ஆடத் தொடங்கிவிடும். என்பை உறுதியாக்கும் ஊசி போடமுன் பல் வைத்தியரிடம் காட்டுங்கள், அந்த ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடையென்பு ஆறாமல் போகலாம்.

இடது கைக்கு இப்போதே எக்ஸ்ரே எடுங்கள். முறியமுன் கம்பி விடுவதா என்று தீர்மானிக்க மிரெல்ஸ் என்பவர் 1989இல் ஒரு புள்ளிக்கணக்கு கொடுத்தார்: எந்த இடம், எவ்வளவு நோ, எப்படி அரித்திருக்கிறது, எவ்வளவு பெரிது. மொத்தம் 12, ஒன்பதோ கூடவோ வந்தால் முன்கூட்டியே கம்பி. இடத்துக்கான புள்ளி கைக்கு ஒன்றுதான், பாரம் தாங்காத உறுப்பாம்! கிணற்றில் தண்ணி அள்ளும் கையைப் பார்த்து அந்தப் புள்ளியைப் போட்டிருக்கமாட்டார்கள். வாளி, குடம், தேங்காய் துருவல் எல்லாம் இப்போதைக்கு வேறு ஆட்கள் பார்க்கட்டும்.

கேள்வி: என்புக்குள் பலூன் விட்டு வெளிச்சத்தால் இறுக்கும் முறை வந்திருக்கிறது என்று கனடாவில் இருக்கும் தம்பி சொல்கிறான். உண்மையா?
வாசகர், கொடிகாமம்

பதில்: உண்மைதான். சுருங்கிய பலூனைச் சிறு துளையால் என்புக்குள் விட்டு, திரவத்தால் ஊதி, நீல ஒளி பாய்ச்சினால் அது கல்லாக இறுகும். பல் அடைக்கும்போது வாய்க்குள் நீல வெளிச்சம் பிடிப்பார்களே, அதே சங்கதி. புற்றுநோயால் முறிந்த மேற்கைக்கும் முன்கைக்கும் அமெரிக்கா 2017இல் அனுமதி கொடுத்தது. உலோகம் இல்லாததால் கதிர்ச்சிகிச்சைக்கு வசதி, வளைந்த என்புக்குள்ளும் இடத்துக்கேற்ப நிரம்பிக்கொள்ளும். ஆனால் உள்ளேயே உடைந்ததும் உண்டு, அதனால் பெரிய ஓட்டை என்றால் சிலர் தகடும் சேர்த்துப் பூட்டுகிறார்கள். அதற்காகக் காத்திருந்து நாளைக் கடத்தவேண்டாம், மேற்கைக்குப் பெரும்பாலும் சாதாரணக் கம்பியே போதும்.