விழுங்கியது காசு இல்லை, காந்தம்

கேள்வி: என் மகளுக்கு 6 வயது, மகனுக்கு ஒன்றேமுக்கால். மகளின் பிறந்தநாளுக்கு அவள் மாமா மேக்னெட் டைல்ஸ் (விளிம்பில் காந்தம் வைத்த, ஒட்டி ஒட்டி அடுக்கும் பிளாஸ்டிக் துண்டுகள்) வாங்கித் தந்தார். ஒரு டைலின் விளிம்பு விரிசல் விட்டு, உள்ளே இருந்த குட்டிக் காந்தம் வெளியே வந்துவிட்டது. என் கணவர் ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிட்டார். "விழுங்கினால்தான் என்ன, வாழைப்பழம் கொடுத்தால் மறுநாள் வந்துவிடும்" என்கிறார் மாமியார். பொம்மையையே தூக்கிப் போட வேண்டுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டாம். ஒட்டிய அந்த டைல் மட்டும் போகட்டும். பசை ஒரு தடவை கீழே விழுந்தால் விட்டுவிடும். காந்தங்களை டேப்பால் நன்றாகச் சுற்றி, குழந்தை கைக்கு எட்டாத குப்பையில் போடுங்கள். அதற்கு முன் அதே வடிவத்தில் உடையாத டைல் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே எத்தனை காந்தம் என்று எண்ணி, உடைந்ததோடு ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்து, வீட்டிலும் கிடைக்கவில்லை என்றால், பையன் நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வது காசு விஷயத்தில் ஓரளவு சரி. வயிற்றுக்குள் இறங்கிய காசு பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும் (பெயர் மட்டும் வாழைப்பழத்துக்கு). ஒற்றைக் காந்தமும் பெரும்பாலும் அப்படித்தான். ஆபத்து இரண்டாவது காந்தத்தில் இருக்கிறது. குடல் மடிந்து மடிந்து கிடப்பதால், ஒரு மடிப்பில் இருக்கும் காந்தமும் அடுத்த மடிப்பில் இருக்கும் காந்தமும் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் சிக்கிய குடல் சுவர், துணி கிளிப்பில் மாட்டியதுபோல் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, அழுகி ஓட்டையாகும். ஒரு காந்தமும் ஓர் இரும்புத் துண்டும் சேர்ந்தாலும் இதே கதை. நம் ஒரு ரூபாய்க் காசை ஃப்ரிட்ஜ் காந்தத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டும்.

உங்கள் வீட்டு நிலைமையிலேயே நடந்த சம்பவம் உண்டு. 2005-ல் அமெரிக்காவில், அண்ணனுடைய மேக்னடிக்ஸ் என்ற கட்டுமான பொம்மையிலிருந்து உதிர்ந்த காந்தங்களை விழுங்கி 20 மாதக் குழந்தை இறந்தது. மறு ஆண்டு அந்தப் பொம்மை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

ஆரம்பத்தில் வாந்தி, வயிற்றுவலி, லேசான காய்ச்சல், அவ்வளவுதான். சில குழந்தைகளுக்கு அதுவும் இருக்காது. அதனால்தான் ஓமத்தண்ணீர், கிரைப் வாட்டர் என்று நாளைக் கடத்திவிடுகிறோம். சந்தேகம் வந்தால் வாழைப்பழம் உட்பட எதுவும் கொடுக்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், எண்டோஸ்கோபியும் (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது) குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். போனதும் "காந்தம்" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்ட இரண்டு காந்தங்கள் எக்ஸ்ரேயில் ஒன்றுபோல் தெரியலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது. காந்தம் இரைப்பையில் இருக்கும்போதே பிடித்துவிட்டால் எண்டோஸ்கோபியில் எடுத்துவிடலாம். தாண்டிவிட்டால் வயிற்றைத் திறக்க நேரலாம்.

இனி வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். ஆனால் தகர டப்பாவில் வரும் அந்த மணி மணியான காந்த உருண்டைகள் இருக்கின்றனவே, என் கணக்கில் அவைதான் பெரிய வில்லன். 'பெரியவர்களின் டென்ஷன் குறைக்க' என்று விற்பதால் பொம்மை விதிக்குள் சிக்காமல் நழுவிவிடும். அமெரிக்காவில் 2014-ல் கொண்டுவந்த கட்டுப்பாட்டை 2016-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 2022-ல் புது விதி போட வேண்டியிருந்தது. மூக்குத்தி போட்டதுபோல் காட்ட இதை ஒட்டிக்கொண்டு விழுங்கிய பதின்வயதுப் பிள்ளைகளும் உண்டு. மாமா அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்டால், இது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தம்பி தூங்கும்போது மகள் மேஜைமேல் வைத்து விளையாடட்டும். எடுத்து வைக்கும்போது விளிம்புகளை நகத்தால் ஒரு தடவை தடவிப் பார்ப்பதை அவளுக்கே பழக்குங்கள், 6 வயதுக்கு அது ஒரு பெருமை. அப்புறம், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பொம்மைகளையும் திருப்பிப் பாருங்கள். பல வீடுகளில் பின்பக்கக் காந்தம் கழன்று விழத் தயாராக இருக்கும்.