ஏற்காடு மலைக் கிராமங்களில் இலவசக் கண் முகாம் நடத்த எங்கள் சேவைச் சங்கம் எப்படித் திட்டமிட வேண்டும்?

சேலத்தில் இருபத்தைந்து பேர் கொண்ட சேவைச் சங்கம், சேர்வராயன் மலைக் கிராமங்களில் முதன்முறையாகக் கண்புரை முகாம் நடத்த இருக்கிறது, எங்கே தொடங்குவது, எதற்குப் பணம் ஒதுக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முகாம் நடக்கும் ஒரு நாளை விட அதற்குப் பிறகு வரும் ஆறு வாரம்தான் பெரிய வேலை. பணத்தையும் ஆட்களையும் அந்த ஆறு வாரத்தை மனதில் வைத்துப் பிரியுங்கள். எத்தனை பேருக்குக் கண் பார்த்தோம் என்பது சுலபமாகச் சேரும் எண். அறுவை சிகிச்சைக்குத் தேர்வானவர்களில் எத்தனை பேர் வண்டி ஏறினார்கள், ஆபரேஷன் முடிந்தவர்களில் எத்தனை பேர் கடைசிப் பரிசோதனைக்கு வந்தார்கள் என்ற இரண்டு எண்களையும் முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள்.

தேதியை நீங்களே குறித்துவிட்டு மருத்துவமனையைத் தேடாதீர்கள். முதலில் மருத்துவமனையின் முகாம் பொறுப்பாளரைப் பாருங்கள். அவர்களிடம் எத்தனை படுக்கை, எந்த வாரம் அறுவை அரங்கு காலியாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் தேதி அமையும். மாவட்டப் பார்வையிழப்பு தடுப்புச் சங்கத்தின் அனுமதியையும் பெரும்பாலும் மருத்துவமனை வழியாகவே வாங்குவார்கள். துண்டறிக்கையில் அந்தத் தடுப்புச் சங்கத்தின் பெயர் வர வேண்டும். மலையில் நடப்பது பரிசோதனை மட்டும். அறுவை சிகிச்சை கீழே, மருத்துவமனை அரங்கில்தான். பள்ளிக்கூட வகுப்பறையில் ஆபரேஷன் செய்த காலம் போய்விட்டது, கிருமித் தொற்றால் கண் போகும் ஆபத்துதான் காரணம்.

எந்த மாதம் என்பதில் மலைக்கென்று தனிக் கணக்கு உண்டு. நவம்பர் முதல் ஜனவரி கடைசி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். எஸ்டேட் கூலிக்காரர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டு வரமாட்டார்கள், வரச் சொல்வதும் நியாயமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரியும். மே மாதம் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வருவதால் சாலை நெரிசல் தாங்காது. மார்ச், ஏப்ரல் நல்ல காலம், ஜூனிலும் செய்யலாம். கிழமை ஞாயிறு. அந்தப் பகுதியின் சந்தை நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முகாமுக்கு மூன்று வாரம் முன்பே ஊர் ஊராகப் போய்ப் பட்டியல் எடுக்க வேண்டும். போஸ்டர் ஒட்டினால் ஏற்காடு டவுனிலும் சாலையோரத்திலும் இருப்பவர்கள்தான் வருவார்கள். உள்ளே இருக்கும் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்களில், பார்வை மங்கிய பாட்டி வீட்டை விட்டு வெளியே வந்தே நாளாகியிருக்கும். கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர், எஸ்டேட் மேஸ்திரி ஆகிய நான்கு பேருக்கும் யார் வீட்டில் யாருக்குக் கண் தெரியவில்லை என்பது தெரியும். ஊர்ப் பெரியவரிடம் முதலில் போய்ச் சொல்லிவிட்டு வீடுகளுக்குப் போங்கள். தொண்டர் கையில் இருபது அடி நீளக் கயிறு ஒன்று போதும். ஒரு முனையை முதியவர் பிடிக்க, மறுமுனையில் நின்று விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். ஒரு கண்ணைக் கையால் மூடி, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும். எண்ண முடியாதவர் பெயர், வயது, எந்தக் கண், மகன் அல்லது மகளின் செல்பேசி எண், சர்க்கரை அல்லது ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாரா என்பவற்றை எழுதுங்கள். இந்தப் பட்டியல்தான் வண்டிக் கணக்கையும் படுக்கைக் கணக்கையும் சொல்லும்.

அப்போதே இரண்டு பேச்சு எழும். “புரை இன்னும் முத்தலையே”, “வெயில் காலத்துல ஆபரேஷன் பண்ணக்கூடாதாமே”. இரண்டும் பழைய முறைக் காலத்தின் மிச்சம். லென்ஸ் வைக்கும் இன்றைய சிகிச்சைக்குப் புரை முற்ற வேண்டியதில்லை. அதிகம் முற்றினால் அறுவை கடினமாகும், கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெடலாம். இதை நீங்கள் சொல்வதை விட, பக்கத்து ஊரில் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் வந்து சொன்னால் சீக்கிரம் நம்புவார்கள். அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது நூறு துண்டறிக்கைக்கு மேல்.

இடத்துக்கு அரசுப் பள்ளி நல்லது, தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுங்கள். பார்வை அட்டையிலிருந்து ஆறு மீட்டர் தூரம் கிடைக்கும் நீளமான அறை வேண்டும். தாழ்வாரத்தில் வைத்தால் மூடுபனி இறங்கியதும் வெளிச்சம் குறையும். 6/18 பார்க்கிறவர் 6/36 என்று, அதாவது இருப்பதை விட மோசமான பார்வை உள்ளவராகப் பதிவாகிவிடுவார். அறைக்குள்ளேயே வைத்து, அட்டை மேல் தனி விளக்குப் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் ஆங்கில E எழுத்து பல திசைகளில் திரும்பியிருக்கும் அட்டை அவசியம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்க இருட்டாக்கக்கூடிய இன்னோர் அறை, கருவிகளுக்கு இன்வெர்ட்டர் அல்லது ஜெனரேட்டர், பெண்களுக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை ஆகிய மூன்றையும் முந்தைய நாள் நேரில் போய்ப் பாருங்கள்.

நூற்றைம்பது பேர் வருவார்கள் என்றால் தொண்டர் பதினைந்து பேர், நாற்காலி அறுபது. பதிவு, பார்வை அளவு, டாக்டரின் முதல் பார்வை, டென்ஷன் (கண் அழுத்தம்), டக்ட் (கண்ணீர்க் குழாய்), பி.பி., சுகர், கண்ணாடிப் பரிசோதனை, கடைசியில் டாக்டர் முடிவு, அதன் பிறகு ஆலோசனை என்று மேசைகள் ஒரே திசையில் போக வேண்டும். கூட்டம் தேங்குவது பார்வை அளவு பார்க்கும் இடத்தில்தான். அங்கே இரண்டு அட்டை, இரண்டு வரிசை வையுங்கள். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டவர்களுக்குச் சில மணி நேரம் கண் கூசும், கிட்டப் பார்வை மங்கும். அவர்களைத் தனியாகச் சரிவில் நடந்து வீடு திரும்ப விடாதீர்கள். மருந்து போட்டவர் கையில் வண்ண நாடா கட்டி, ஜீப்பில்தான் அனுப்ப வேண்டும்.

தேர்வான பிறகு ஆள் குறைவதற்கு ஒரு முக்கியக் காரணம் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். கீழே போனபின் அளவு அதிகம் என்று திருப்பி அனுப்பினால் அந்த முதியவர் மறுபடி வருவது கடினம். பட்டியல் எடுக்கும்போதே “மாத்திரையை நிறுத்தாதீங்க, காலையில சாப்பிட்டுட்டு வாங்க, மாத்திரைச் சீட்டைக் கையோட கொண்டாங்க” என்று சொல்லிவிடுங்கள். அளவு கூடுதலாக இருப்பவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, மாத்திரையால் கட்டுக்கு வந்ததும் அடுத்த குழுவோடு சேர்க்கலாம். ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அது, இரண்டு மாற்றுத் துணி, போர்வை ஆகியவற்றையும் சொல்லுங்கள். மூக்குத்தி, தோடு போன்ற நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது நல்லது.

இன்னொரு காரணம், வீட்டில் ஆட்டையும் மாட்டையும் யார் பார்ப்பது என்ற கேள்வி. இதைச் சிறியதாக நினைத்து ஒதுக்கும் சங்கங்கள் கடைசி நேரத்தில் பாதி வண்டி காலியாகப் போவதைப் பார்க்கின்றன. ஆலோசனை மேசையில் மகன், மருமகளையும் உட்கார வைத்துப் பேசி, எத்தனை நாள், யார் பொறுப்பு என்று முடிவு செய்தால்தான் ஆள் வண்டி ஏறுவார்.

வண்டியில் கஞ்சத்தனம் வேண்டாம். பல ஊர்களுக்குப் பேருந்து போகாது. ஜீப்பில் முகாம் வரையும், அங்கிருந்து வேனில் சேலம் வரையும் அழைத்துச் செல்ல வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போதே பலர் வாந்தி எடுப்பார்கள். போகும்போது பரவாயில்லை, ஆபரேஷன் முடிந்து ஏறும்போது வாந்தியும் இருமலும் கண்ணுக்கு நல்லதல்ல. வாந்தி மாத்திரை தரலாமா என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள், இட்லி போல லேசாகக் கொடுங்கள், முன் இருக்கையில் உட்கார வையுங்கள், ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேனிலும் சங்க உறுப்பினர் ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும்.

வீடு திரும்பிய முதல் வாரம்தான் கவலைக்குரியது. கண்ணுக்குள் தொற்று வந்தால் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் தெரியும். வலி, அதிகச் சிவப்பு, சீழ், திடீரென்று பார்வை குறைவது ஆகியவை அறிகுறிகள். அன்றே மருத்துவமனை போக வேண்டும், மறுநாள் வரை காத்திருந்தால் பார்வை போகும் ஆபத்து உண்டு. பல ஊர்களில் செல்பேசி சிக்னல் கிடைக்காது. ஊருக்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும், யாருக்கு அழைப்பது, எந்த ஜீப் வரும் என்பதை எழுதிக் கொடுங்கள். அந்த ஜீப் வாடகைக்கான பணத்தைத் தொடாமல் தனியாக வையுங்கள். சொட்டு மருந்தை எத்தனை வேளை என்று சூரியன், நிலா படம் போட்ட அட்டையில் குறித்துக் கொடுங்கள். விறகடுப்புப் புகையில் உட்காராமல் இருப்பது, தலைக்கு ஊற்றும் தண்ணீர் கண்ணில் படாமல் பார்ப்பது, விறகுக் கட்டும் காப்பி மூட்டையும் தூக்காமல் இருப்பது எல்லாவற்றையும் வீட்டாரிடமே சொல்ல வேண்டும்.

ஒரு வாரத்திலும், நான்கு முதல் ஆறு வாரத்துக்குள்ளும் மறுபரிசோதனை. மருத்துவக் குழுவை மறுபடி அதே பள்ளிக்கு வரவழைக்க முதல் பேச்சிலேயே ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள். சேலத்துக்கு வாருங்கள் என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள், கடைசிக் கண்ணாடி எண் தெரியாமலேயே போகும்.

படிக்கும் கண்ணாடி வாங்குவதானால் நூறுக்கு இப்படி எடுங்கள்: +1.00 பத்து, +1.50 இருபது, +2.00 முப்பது, +2.50 இருபத்தைந்து, +3.00 பதினைந்து. பரிசோதித்த பிறகு மட்டும், இரண்டு கண்ணுக்கும் ஒரே எண் வருகிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள். எழுத்தைக் காட்டிச் சோதிப்பதை விட அரிசியில் கல் பொறுக்கச் சொல்லுங்கள், ஊசியில் நூல் கோக்கச் சொல்லுங்கள். வேறு எண் வருகிறவர்களுக்குச் செய்து, பெயர் எழுதிய உறையில் இரண்டு வாரத்துக்குள் ஊரிலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

1925-இல் ஹெலன் கெல்லர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த மாநாட்டில் அரிமா (லயன்ஸ்) சங்கத்தாரிடம் பார்வையற்றோருக்காகப் பணி செய்யுங்கள் என்று கேட்ட நாளிலிருந்து கண் பணி அரிமா சங்கங்களின் அடையாளமாகிவிட்டது. அரிமா, ரோட்டரி எதுவானாலும் கணக்கு விதியும் ஏறக்குறைய ஒன்றே. மக்களிடம் திரட்டிய பணம் மக்கள் பணிக்கே. சங்கக் கூட்டம், விருந்து, சால்வை எல்லாம் உறுப்பினர் சந்தாவிலிருந்துதான். இரண்டுக்கும் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். நன்கொடைக்கான வருமான வரி விலக்கு (80ஜி) கேட்கும் நன்கொடையாளரிடம், அந்தப் பதிவு உங்கள் சங்கத்துக்கு இருக்கிறதா, சங்கத்தின் அறக்கட்டளைக்கு இருக்கிறதா என்று பார்த்து அதன் பெயரிலேயே காசோலை வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு விலக்கு கிடைக்காது. வரவில் முதலில் வண்டி, அடுத்து மறுபரிசோதனை, அப்புறம் கண்ணாடி, சாப்பாடு. மேடையும் பேனரும் மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கண் முடிந்தவர்களில் மறு கண்ணுக்கும் புரை உள்ளவர்களின் பெயரைக் கடைசிப் பரிசோதனை அன்றே தனியாக எழுதி, அடுத்த முகாமின் பட்டியலில் முதலில் சேருங்கள்.