மில் வெல்ஃபேர் ஆபீசரா, ஐ.டி. வெல்பீயிங் வேலையா: எதில் சம்பளம் ஏறும்?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து மூன்று வருடம் ஆகிறது. மதுரை கப்பலூர்ப் பக்கம் ஒரு மில்லில் வெல்ஃபேர் ஆபீசர் (நல அலுவலர்) வேலையும், ஒரு ஐ.டி. கம்பெனியில் மாதம் 45,000 சி.டி.சி.யில் (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) கவுன்சலிங் மாதிரியான 'எம்ப்ளாயீ வெல்பீயிங்' வேலையும் வந்திருக்கின்றன. மில்லில் கொஞ்சம் குறைவு. எதில் சேரலாம்?

பதில்: மில்.

முதலில் அந்த 45,000-ஐப் பிரித்துப் பாருங்கள். 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியது ஊதியத்திலேயே சேரும். ஆக ஊதியம் குறைந்தது 22,500. பி.எஃப்.-ஐ 15,000 உச்சவரம்பில் பிடித்தால் கம்பெனி பங்கு 1,800. கிராஜுவிட்டிக்கு 15/26 கணக்கில் (வருடத்துக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 வேலைநாள்) மாதம் 1,082. இரண்டையும் சி.டி.சி.க்குள்ளேயே அடக்கியிருப்பார்கள். உங்கள் பங்கு 1,800-உம் போனால் கையில் 40,318. தொழில்வரி தனி. ஊதியம் 21,000-ஐத் தாண்டுவதால் இ.எஸ்.ஐ. கிடையாது, மருத்துவக் காப்பீட்டில் அப்பா அம்மா உண்டா என்று கேளுங்கள். இப்போது மில்லில் கைக்கு வரும் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் சுருங்கியிருக்கலாம்.

அடுத்தது, மில்லில் உங்கள் நாற்காலி சட்டம் போட்ட நாற்காலி. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவில் 500 தொழிலாளர் இருந்தால்தான் நல அலுவலர் கட்டாயமாக இருந்தது. புதிய தொகுப்பில் அது 250. இதுவரை தப்பித்துவந்த 300, 400 பேர் ஆலைகளும் இனி ஆள் தேடவேண்டும். ஐ.டி. வெல்பீயிங் பதவிக்கு அப்படி எந்தப் பிரிவும் இல்லை. ப்ராஜெக்ட் குறைந்தால் முதல் வெட்டு அங்கேதான். கவுன்சலிங்கைக் கேவலப்படுத்துகிறேன் என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள். அது தேவையான வேலை. வருடம் ஒருநாள் யோகா போட்டோ எடுப்பதைத்தான் வேலை என்று ஏற்கமுடியவில்லை.

சம்பளம் ஏறுவது உள்விசாரணை (தொழிலாளி மீதான புகாரைக் கம்பெனிக்குள்ளேயே விசாரிப்பது) தெரிந்தவருக்கு. நிர்வாகம் லேபர் கோர்ட்டில் தோற்பது பெரும்பாலும் சார்ஜ் ஷீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. 'ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்' என்று மட்டும் எழுதினால் நிற்காது. தேதி, ஷிஃப்ட், எந்த மெஷின் பக்கம், யார் முன்னால், என்ன சொன்னார் என்பது தொழிலாளிக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். சார்ஜ் ஷீட் கொடுத்தவரே விசாரணை அதிகாரியாக உட்காரக்கூடாது. சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கத் தொழிலாளிக்கு வாய்ப்புக் கொடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கவேண்டும். சஸ்பென்ஷன் காலத்தில் முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அதற்குமேல், தாமதம் தொழிலாளியால் வராவிட்டால், முக்கால். இதை நிறுத்தி வைத்தால் நேர்மையான விசாரணையும் விழுந்துவிடலாம். ஊதிய ஒப்பந்தங்களும் தெரியவேண்டும்: பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்டவரை மட்டும் கட்டும், சமரச அதிகாரி முன்னால் போடும் 12(3) எல்லாத் தொழிலாளரையும் கட்டும். சட்டம் மாறினாலும் பேச்சுவார்த்தை மேசையில் இன்னும் இந்தப் பழைய எண்கள்தான். ஹிந்தியும் பேசவந்தால் வடமாநில ஆட்கள் உள்ள ஆலைகளில் உங்கள் பேரம் கூடும்.

ஒரு வில்லங்கம் உண்டு. நல அலுவலர் தொழிலாளிக்கு எதிராக நிர்வாகத்தின் சார்பில் வாதாடக்கூடாது என்று மாநில விதிகள் பலவற்றில் இருக்கிறது. ஆனால் விசாரணை, கேண்டீன், ஹாஸ்டல், ஆயுதபூஜை ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் ஒரே தலையில் கட்டுவார்கள். ஆகவே விசாரணையைக் கற்றுக்கொள்ளுங்கள், வழக்கை ஹெச்.ஆர். மேனேஜர் பெயரில் நடத்தச் சொல்லுங்கள். பிறகு இ.ஆர். (எம்ப்ளாயீ ரிலேஷன்ஸ், தொழிலாளர் உறவு) பதவிக்கு மாறும்போது அந்தப் படிப்புக்குத்தான் விலை.

போக்குவரத்துப் படியையும் கேளுங்கள். பைக்குக்கு டோல் இல்லை; கார் வாங்கினால் கப்பலூர் டோல்கேட் செலவையும் கணக்கில் வையுங்கள்.

சேருமுன் நியமனக் கடிதத்தில் பதவிப் பெயர் 'நல அலுவலர்' என்றே இருக்கிறதா என்று பாருங்கள். 'ஹெச்.ஆர். அசிஸ்டென்ட்' என்று போட்டுவிட்டு இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும் உங்களை நல அலுவலராகக் காட்டினால், அடுத்த கம்பெனியில் அந்த வருடங்கள் கணக்கில் வராது.