டெஸ்லா காயில் பக்கத்துல எந்த மீட்டர் வேலைக்கு ஆகும்?

டெஸ்லா காயில்னா ரொம்ப அதிக வோல்டேஜ் உண்டாக்கி காத்துல மின்பொறி பறக்க விடற சுருள். அதைப் பத்தி தாம்பரத்துலேர்ந்து ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடன்ட் கேட்டிருக்காரு: "ப்ராஜெக்ட்டுக்கு டெஸ்லா காயில் செஞ்சிருக்கோம் சார், 250 கிலோஹெர்ட்ஸ்ல ஓடுது. ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கிறவங்க மேல எவ்ளோ ஃபீல்டு படுதுன்னு அளக்கணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல சின்ன இஎம்எஃப் மீட்டர் கிடைக்குது, வாங்கலாமா?"

வேணாம் தம்பி, காசு வேஸ்ட். அந்த சின்ன இஎம்எஃப் மீட்டர், அதாவது மின்காந்த ஃபீல்டை அளக்கற கருவி, பெரும்பாலும் நம்ம வீட்டு 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டுக்குன்னு செஞ்சது, மிஞ்சிப்போனா சில கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பாக்கும், செல்போன் டவருக்குன்னு விக்கிறதோ பல மெகாஹெர்ட்ஸ்க்கு மேலதான் ஆரம்பிக்கும், உங்க காயில் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிது. டிஸ்ப்ளேல ஏதோ நம்பர் வரும், ஆனா அது உங்க ஃபீல்டோட நம்பர் இல்ல. போன் ஆப்பும் அப்படித்தான், அதுல இருக்கிறது திசை காட்டற சென்சார்.

இன்னொண்ணு, இதைத்தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. 250 கிலோஹெர்ட்ஸ்க்கு அலைநீளம் 1200 மீட்டர், அதை 2π-யால வகுத்தா கிட்டத்தட்ட 190 மீட்டர், அதுக்குள்ள எல்லாமே நியர் ஃபீல்டு, அதாவது எலெக்ட்ரிக்கும் மேக்னெடிக்கும் ஒரே விகிதத்துல இல்லாத கிட்டப் பகுதி, உங்க லேப் மொத்தமும் அதுக்குள்ளதான். தூரத்துல இருந்தா எலெக்ட்ரிக் ஃபீல்டை அளந்து 377 ஓம் (தூரத்துல ரெண்டுக்கும் இருக்கிற நிலையான விகிதம்) வச்சு மேக்னெடிக்கை கணக்குப் போட்டுக்கலாம், இங்க அது செல்லாது, ரெண்டையும் தனித்தனியாதான் அளக்கணும். மில்லிவாட்ல காட்டற மீட்டரும் இந்த 377 கணக்கை நம்பித்தான் காட்டும், அதனால அது எதையும் தொடாதீங்க.

சரியான கருவின்னா நார்டா இஎச்பி-200ஏ மாதிரி, 9 கிலோஹெர்ட்ஸ்லேர்ந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை ரெண்டு ஃபீல்டையும் பாக்கும். டேட்டா ஃபைபர் கேபிள்ல வரும், ஏன்னா மெட்டல் ஒயர் போனாலே எலெக்ட்ரிக் ஃபீல்டு கலைஞ்சிடும். உங்க உடம்பும் கலைக்கும், அதனால கையில பிடிக்காம பிளாஸ்டிக் ஸ்டாண்டுல வச்சுட்டு தள்ளி நில்லுங்க. விலை ஸ்டூடன்ட்டுக்குக் கட்டாது, தரமணில சமீர்னு ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி மையம் இருக்கு, அங்க இஎம்சி டெஸ்டிங் (மின்காந்த இடைஞ்சல் சோதனை) பண்றாங்க, காலேஜ் லெட்டரோட போய் கேட்டுப் பாருங்க.

மேக்னெடிக் மட்டும் போதும்னா நீங்களே செய்யலாம். கோஆக்ஸ் கேபிளை (டிவி கேபிள் மாதிரி, உள்ள ஒரு ஒயர், சுத்தி மெட்டல் ஷீல்டு) 10 சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒரே சுத்து வளைச்சு, உச்சியில வெளி ஷீல்டை மட்டும் கொஞ்சம் வெட்டி விட்டு, பேட்டரில ஓடற ஆசிலோஸ்கோப்ல (சிக்னலை அலையா வரைஞ்சு காட்டற கருவி) மாட்டுங்க. 250 கிலோஹெர்ட்ஸ்ல 1 மைக்ரோடெஸ்லாவுக்கு சுமார் 12 மில்லிவோல்ட் வரும். லூப்பை மெல்லத் திருப்பிப் பாருங்க, ஒரு பக்கம் சிக்னல் உச்சத்துக்குப் போகும், அங்கேர்ந்து 90 டிகிரி திருப்பினா கிட்டத்தட்ட ஜீரோவுக்கு விழணும், விழலைன்னா எலெக்ட்ரிக் ஃபீல்டு உள்ள புகுந்திருக்கு, ஷீல்டை மறுபடி பாருங்க.

ஒப்பிட்டுப் பாக்க ஐசிஎன்ஐஆர்பிங்கற சர்வதேச கதிர்வீச்சு பாதுகாப்பு அமைப்போட 2010 அளவு இருக்கு, பொதுமக்களுக்கு 27 மைக்ரோடெஸ்லா, 83 வோல்ட்/மீட்டர், ஆர்எம்எஸ்ல (அலையோட உச்சம் இல்ல, ஒரு வகை சராசரி). உங்க காயில் விட்டு விட்டு ஓடற டைப்னா சராசரி காட்டற மீட்டர் கம்மியா காட்டும், ஸ்கோப்ல ஒவ்வொரு தடவை ஓடறப்பவும் வர்ற சிக்னலோட உச்சத்தையும் குறிச்சுக்கோங்க. டியூப்லைட் ஒயர் இல்லாம எரியறது ஃபீல்டு இருக்குன்னு சொல்லும், எவ்ளோன்னு சொல்லாது. அப்புறம் டெமோக்கு வர்றவங்கள்ல யாருக்காவது பேஸ்மேக்கர் இருக்கான்னு ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, இருந்தா அவங்களை அந்த ரூமுக்குள்ளயே விடாதீங்க.