பல்கலைக்கழகச் செய்தியில் வரும் "ஐந்து நிமிட பேட்டரி" எல்லாம் எங்கே போகிறது?

கேட்டவர் எழுதியிருப்பது இது: "மாதாமாதம் ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் பேட்டரியில் புரட்சி செய்துவிட்டதாகச் செய்தி வருகிறது. என் போன் மட்டும் மாலைக்குள் செத்துவிடுகிறது. எல்லாம் பொய்தானே?"

போன் வாங்கி இரண்டு வருடமாவது ஆகியிருக்கும், அந்தக் கடுப்பில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பொய் இல்லை. அப்படி ஒரு செய்தியில் நானே வந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் ரோஷத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் வருடம். லித்தியம் அயனி பேட்டரியின் ஆனோடில், அதாவது சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய்ச் சேரும் எலெக்ட்ரோடில், வழக்கமாக இருப்பது கிராஃபைட். ஒரு கிராம் கிராஃபைட் அதிகபட்சம் 372 மில்லியாம்பியர் மணி (போன் பேட்டரியில் mAh என்று போட்டிருப்பது) பிடிக்கும். சிலிக்கான் 3,500-க்கு மேல் பிடிக்கும். ஆனால் லித்தியத்தை உள்வாங்கும்போது சிலிக்கான் கிட்டத்தட்ட நான்கு மடங்காக வீங்கும், வெளியே விடும்போது சுருங்கும். இப்படியே வீங்கிச் சுருங்கி விரிசல் விட்டுத் தூளாகிவிடும். தூளாகாமல் இருக்க அதன்மேல் ஒரு கார்பன் பூச்சு கொடுப்பதுதான் என் வேலை. ஆர்கான் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறையை விட்டு, நாள் முழுக்க காயின் செல் கட்டுவேன். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். கார் சாவிக்குள் இருக்கும் அந்த வட்ட பேட்டரி அளவுதான்.

ஒரு வாரம் செல்கள் நன்றாக வேலை செய்தன. ஐந்து நிமிடத்தில் பெரும்பகுதி சார்ஜ் ஏறியது. கட்டுரை வெளியானது. பல்கலைக்கழகச் செய்திப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "இதைப் போனில் போட்டால் எவ்வளவு நேரத்தில் சார்ஜ் ஆகும்?" என்று கேட்டார். "அது எலெக்ட்ரோடு எவ்வளவு மெல்லியது என்பதைப் பொறுத்து..." என்று நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே என் கைடு "ஐந்து நிமிடம்" என்று முடித்துவிட்டார்.

அப்புறம் புகைப்படம். எங்கள் பொருள் கரித்தூள் மாதிரி இருக்கும், படத்துக்கு எடுப்பாக இல்லையாம். வெள்ளைக் கோட்டை மாட்டி, கையில் நீல நிறத் திரவம் உள்ள ஒரு குடுவையைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். அது முதலாம் ஆண்டு மாணவர்களின் காப்பர் சல்பேட்.

செய்தி வெளியாகும் முன் வரைவு எனக்கு வந்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். அதில் நான் திருத்தியது ஒன்றே ஒன்று: என் பெயரில் இருந்த எழுத்துப்பிழை.

விட்டுப்போனது என்ன? முதலாவது, எலெக்ட்ரோடு செய்ய நாங்கள் தகட்டில் பூசிய சிலிக்கான் பொருள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான். மெல்லிய பூச்சில் அயனிகள் போக வேண்டிய தூரம் குறைவு, வேகம் தானாக வந்துவிடும். கடையில் விற்கும் செல்லில் கிராஃபைட் பூச்சு இதைப்போல் பல மடங்கு தடிமன். இரண்டாவது இன்னும் மோசம். "99.9 சதவீதத் திறன்" என்று செய்தியில் இருந்தது. ஒவ்வொரு சார்ஜிலும் உள்ளே போன லித்தியத்தில் அவ்வளவுதான் திரும்பி வருகிறது என்று அர்த்தம். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது, இல்லையா? 0.999-ஐ 500 தடவை பெருக்கிப் பாருங்கள், 0.61 வரும். அதாவது 500 சார்ஜில் பேட்டரியின் நாற்பது சதவீதம் காலி. அதே 99.99 என்றால் 95 சதவீதம் மிஞ்சும். எங்கள் செல்லில் இது ஏன் தெரியவில்லை? நாங்கள் கட்டியது அரை செல். எதிர்ப்பக்கம் சுத்தமான லித்தியத் தகடு. தொலைந்துபோகும் லித்தியத்தை அது சத்தமில்லாமல் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தகட்டுக்குப் பதில் கேத்தோடு (நிஜ பேட்டரியில் லித்தியம் கிளம்பும் எலெக்ட்ரோடு) வைத்து முழு செல் கட்டியபோது நூறு சுற்றிலேயே சாயம் வெளுத்துவிட்டது. அதையும் கட்டுரையாகப் போட்டோம். அதற்குச் செய்தி வரவில்லை, புகைப்படமும் இல்லை.

"செய்திப் பிரிவு செய்த தப்புக்கு ஆராய்ச்சியாளர் என்ன செய்வார்" என்று யாராவது வருவீர்கள். 2014-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 மருத்துவ, உடல்நலச் செய்திக்குறிப்புகளை மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள். 40 சதவீதக் குறிப்புகளில் வாசகருக்குச் சொன்ன ஆலோசனை மூலக் கட்டுரையில் இருந்ததைவிட மிகைப்படுத்தப்பட்டிருந்தது. அதாவது, மிகை பத்திரிகைக்குப் போகும் முன்பே ஏறிவிடுகிறது. மருத்துவச் செய்தி வேறு, பேட்டரி வேறு என்பீர்கள். சரி, தெரியும். ஆனால் வரைவைப் பார்த்துத் தலையாட்டும் ஆள் இரண்டு இடத்திலும் என்னைப் போன்றவர்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்தச் செய்தி இரண்டே நாளில் தயாராகி வெளியானது. அதே கட்டுரையைப் படிக்க மாநாட்டுக்குப் போய்வந்த என் பயணச் செலவு கைக்கு வர பதினான்கு மாதம் ஆனது. போர்டிங் பாஸில் ஒரு துண்டு கிழிந்திருந்ததாம். நான் விமானத்தில் ஏறவில்லை என்றால் அங்கே எப்படிப் பேசினேன், நடந்தா போனேன்? மாநாட்டில் நான் பேசும் படம் அவர்கள் இணையதளத்திலேயே இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவை கடைக்கு வருவதே இல்லை என்பதும் தப்பு. லித்தியம் கோபால்ட் ஆக்சைடு கேத்தோடை ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃப் குழு வெளியிட்டது 1980. 1985-இல் ஜப்பானில் யோஷினோ அதை வைத்து மாதிரி பேட்டரி செய்தார். சோனி லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991. பதினொரு வருடம். வந்தபோது 1980-இன் செய்தி யாருக்கு நினைவிருந்திருக்கும்? குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது வயது 97.

சிலிக்கானும் வந்துவிட்டது. புதிய போன்கள் சிலவற்றில் "சிலிக்கான் கார்பன் பேட்டரி" என்று விளம்பரம் செய்கிறார்களே, அதுதான். என் பூச்சுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரியப்பா போன மாதம் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, "இது உன்னுடையதுதானே? அன்றைக்கு நியூஸில் வந்ததே" என்றார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு, கேமரா எப்படி என்று கேட்டேன்.