வேலைவாய்ப்புத் தளம், சமூக வலைதளம்: காசு யார் கொடுக்கிறார்கள்? (கேள்வி பதில்)

கிண்டியில் ஒரு ஆள்சேர்ப்பு கன்சல்டன்சியில் 12 வருடம் இருந்தேன். இப்போது பங்குச் சந்தையில் இந்தத் துறையைத்தான் அதிகம் கவனிக்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இதோ.

சார், நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் நான் ஒரு ரூபாய்கூடக் கட்டியதில்லை. அப்புறம் எப்படி அவர்களுக்கு லாபம்?

நீங்கள் கட்டவில்லை, நாங்கள் கட்டினோம். காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் ஆபீஸில் ரெஸ்டெக்ஸ் (நௌக்ரியின் ரெஸ்யூம் தேடும் சேவை) லாகினைத் திறந்து "ஜாவா, 4 வருடம், சென்னை, நோட்டீஸ் 30 நாள்" என்று தட்டுவோம். வந்து விழும் ரெஸ்யூம்களில் யார் சமீபத்தில் உள்ளே வந்திருக்கிறார் என்று பார்த்து, மேலிருந்து வரிசையாகப் போன் போடுவோம். அந்த லாகினுக்கான சந்தாவை முன்பணமாகக் கட்டிவிட வேண்டும். காசு முதலில், சேவை பிறகு! இப்படி அமைந்த தொழில்கள் குறைவு. 1997ல் தொடங்கிய நௌக்ரியின் தாய்க் கம்பெனி இன்ஃபோ எட்ஜ் 2006லேயே பங்குச் சந்தைக்கு வந்துவிட்டது. சொமேட்டோ, பாலிசிபஜார் இரண்டிலும் ஆரம்ப காலத்திலேயே பணம் போட முடிந்ததற்கு இந்தச் சந்தாக் காசுதான் முதுகெலும்பு.

அப்படியென்றால் இன்ஃபோ எட்ஜ் பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

வேண்டாம். ஐடி கம்பெனிகள் ஆள் எடுப்பதைக் குறைத்தால் நாலு லாகின் வைத்திருந்தவன் இரண்டாகக் குறைப்பான், நாங்களே அப்படிச் செய்திருக்கிறோம். அதைவிடப் பெரிய ஆபத்துக்கு மான்ஸ்டர் என்ற அமெரிக்க வேலைத் தளத்தைப் பாருங்கள். 1994ல் தொடங்கியது, ஒரு காலத்தில் இணையத்தில் வேலை தேடுவது என்றாலே அதுதான். 2016ல் ரான்ட்ஸ்டாட் என்ற ஆள்சேர்ப்புக் கம்பெனி அதை 42.9 கோடி டாலருக்கு வாங்கியது, 2024ல் கேரியர்பில்டர் என்ற இன்னொரு வேலைத் தளத்துடன் சேர்த்தார்கள், 2025 ஜூனில் அமெரிக்காவில் திவால் மனு. என்ன நடந்தது என்றால், மான்ஸ்டர் விளம்பரம் போடுவதற்கே காசு வாங்கிக்கொண்டிருந்தபோது 2004ல் வந்த இன்டீட் எல்லாத் தளங்களின் வேலைகளையும் ஒரே இடத்தில் திரட்டி, கிளிக் விழுந்தால் மட்டும் காசு கொடு என்றது. முதலாளி எந்தப் பக்கம் போவார்?

லிங்க்டுஇன் எதில் சேர்த்தி? வேலைத் தளமா, சமூக வலைதளமா?

இரண்டும், அதன் பலமே அதுதான். வேலை கிடைத்ததும் நௌக்ரியை ஆள் மறந்துவிடுகிறார். லிங்க்டுஇனில் பதவி உயர்வைப் போடவாவது வருகிறார். வேலை தேடாதவரையும் அங்கே பிடிக்கலாம், அதற்குக் கம்பெனிகள் தாராளமாகக் கொடுக்கின்றன. ஆனால் 2016 பிப்ரவரியில், அந்த வருட வருமானக் கணிப்பு குறைவு என்றதும் ஒரே நாளில் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நாலு மாதத்தில் மைக்ரோசாஃப்ட் 2620 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. தொழில் நல்லதாக இருந்தாலும் பங்கு விலை அதைவிட எகிறி நின்றால் இப்படித்தான்.

ஃபேஸ்புக்கில் இப்போது பசங்க யாரும் இல்லையே அண்ணா, மெட்டா தாங்குமா?

தம்பி, இதே பேச்சு 2012லும் இருந்தது. 38 டாலருக்கு வந்த பங்கு நாலே மாதத்தில் 18க்குக் கீழே போனது. அந்த வருடம்தான் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தார்கள், பசங்க அங்கேதானே போனார்கள்! சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் என் சித்தி இன்ஸ்டாவில் தினம் 300 ரூபாய்க்கு விளம்பரம் போடுகிறார், ஆர்டர் வராத நாளில் நிறுத்திவிடுவார். இப்படி எண்ணற்ற சித்திகள் சேர்ந்ததுதான் மெட்டாவின் வருமானம். எனக்கு இதில் ஒரே கவலை, கடை அவர்களுடையது, தெரு வேறொருவருடையது. ஐபோனில் செயலிகள் ஆட்களைக் கண்காணிப்பதற்கு ஆப்பிள் கட்டுப்பாடு போட்டதால் 2022ல் சுமார் 1000 கோடி டாலர் வருமானம் போகும் என்று மெட்டாவே சொன்னது. அதைச் சொன்ன மறுநாள் பங்கு 26 சதவீதம் சரிந்தது.

வாட்ஸ்அப்புக்குப் போட்டியாக ஜோஹோ விட்ட நம்மூர் அரட்டை செயலி ஜெயிக்குமா?

ஜெயிக்க வேண்டும் என்று மனதார ஆசை. 2021ல் வந்த செயலி, 2025 செப்டம்பரில் திடீரென்று ஆட்கள் குவிந்தார்கள். ஜோஹோ பங்குச் சந்தைக்கு வராத கம்பெனி, காலாண்டுக்கு ஒருமுறை யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை, அதனால் பொறுமையாக வளர்க்கலாம். ஆனால் நான் மட்டும் மாறிப் பயனில்லையே, அத்தையும் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவும் கூடவே வர வேண்டும். ட்விட்டருக்குப் போட்டியாக வந்த நம்மூர் கூ செயலிக்கும் பெரிய ஆரவாரம் இருந்தது, 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

இந்த வருடம்தான் பி.காம் முடித்தேன். பிரபலமான தளத்தின் பெயரைச் சொல்லி ஒருவர் 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்கிறார், கட்டலாமா சார்?

கட்டாதேம்மா. முதல் பதிலைத் திரும்பப் படி: இந்தத் தொழிலில் வேலைக்கு ஆள் எடுப்பவர்தான் காசு கொடுப்பார். வேலை தருகிறேன் என்று உன்னிடம் காசு கேட்கிறவர் மோசடிக்காரர். ஏற்கனவே ஏதாவது கட்டியிருந்தால் இன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய். அப்புறம், வாரத்துக்கு ஒருமுறை உன் ப்ரொஃபைலில் ஒரு வரியாவது மாற்றிச் சேமித்து வை. ஒன்பதரை மணிக்குத் தேடுகிறவர் கண்ணில் மேலே தெரிவாய்.